அபராதம் கட்டிவிட்டால் காடு முளைத்துவிடுமா?

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் கடைசி வாரம். மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தது. அது குறித்துப் பிரதமர் அவைக்கு வந்து பேச வேண்டும் என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நாள்தோறும் முழங்கிக்கொண்டிருந்தனர். அந்த முழக்கத்தின் ஊடே, அடுத்தடுத்த மூன்று நாட்களில் மக்களவை மூன்று மசோதாக்களை நிறைவேற்றியது. 25ஆம் தேதி உயிரியல் பன்முகத்தன்மைத் திருத்த மசோதா. 26ஆம் தேதி வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா. 27ஆம் தேதி ‘ஜன் விஸ்வாஸ்’ மசோதா. ஆகஸ்ட் 2ஆம் தேதிக்குள் மாநிலங்களவையும் மூன்றுக்கும் ஒப்புதல் அளித்துவிட்டது. போராட்டங்களின் அழுத்தத்தாலும் பேரழிவுகள் தந்த படிப்பினையாலும் பல பத்தாண்டுகளாகச் சிறிது சிறிதாக எழுப்பப்பட்ட ஒரு சட்டக் கட்டுமானத்தின் அடித்தளம் ஒன்பதே நாட்களில் தோண்டப்பட்டது.

இந்த மூன்று சட்டங்களையும் தனித்தனியே படிப்பவருக்கு அவை நிர்வாக வசதிக்கான சிறு திருத்தங்களாகவே தோன்றும். ஒன்றாக வைத்துப் படித்தால்தான் உண்மை விளங்கும். வனச் சட்டத் திருத்தம் எது காடு என்பதை மாற்றியது. பன்முகத்தன்மைச் சட்டத் திருத்தம் யாருடைய அறிவு என்பதை மாற்றியது. ஜன் விஸ்வாஸ் சட்டம் எது குற்றம் என்பதை மாற்றியது. நிலம், உயிர்வளம், தண்டனை ஆகிய மூன்றிலும் ஒரே நேரத்தில் பெருமூலதனத்துக்குப் பாதை திறந்துவிடப்பட்டது. சுற்றுச்சூழலைக் காக்க வலுவான தேசியச் சட்டங்கள் வேண்டும் என்ற கோரிக்கை இன்று எழுகிறது என்றால், அது ஏதோ புதிய கனவு அன்று. பறிக்கப்பட்டதைத் திரும்பப் பெறுவதற்கான கோரிக்கையிலிருந்தே அது தொடங்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது சட்டத்தையே முதலில் பார்க்கலாம். ‘ஜன் விஸ்வாஸ்’ என்றால் மக்கள் நம்பிக்கை. எந்த மக்கள் என்பதுதான் கேள்வி. ‘தொழில் செய்வதை எளிதாக்குதல்’ என்ற பெயரில் 42 சட்டங்களின் 183 பிரிவுகளைத் திருத்திய அந்தச் சட்டம், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. 1986 சட்டம் எங்கிருந்து பிறந்தது என்பதைத் தோழர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஆலையை ஒட்டிய குடிசைப் பகுதிகளில் உறங்கிய உழைப்பாளிகளே முதலில் மடிந்தனர். அந்தப் பிணக்குவியலின் மீது நின்றுதான் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை இயற்றியது. விதிகளை மீறி மாசுபடுத்துவோருக்கு ஐந்தாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது கூறியது.

இன்று அந்தப் பிரிவில் சிறை இல்லை. பத்தாயிரம் ரூபாய் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை மட்டுமே இருக்கிறது. அதையும் நீதிமன்றம் விதிக்காது. அரசு நியமிக்கும் உயர் அதிகாரி ஒருவர் விசாரித்து விதிப்பார். அனுமதி வழங்கும் அரசே குற்றத்தையும் அளந்து பார்க்கும். தண்டத்தொகையை உரிய காலத்துக்குள் கட்டத் தவறினால் மட்டும் சிறைத் தண்டனைக்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஆற்றில் நஞ்சைக் கலப்பது சிறைக்குரிய குற்றம் அன்று. அதற்கான கட்டணத்தைப் பாக்கி வைப்பதே குற்றம்! 2024 பிப்ரவரியில் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் இதே அச்சில் வார்க்கப்பட்டது.

இதற்கு அரசு சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. பழைய சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டவர்கள் மிகக் குறைவு, வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்படுகின்றன, எனவே விரைவாக அபராதம் வசூலிப்பதே நடைமுறைக்கு உகந்தது என்பது அதன் வாதம். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. போபால் வழக்கில் 2010 ஜூன் 7 அன்று தீர்ப்பு வந்தபோது இந்திய அதிகாரிகளுக்கு விதிக்கப்பட்டது இரண்டாண்டுச் சிறை. அவர்கள் அன்றே பிணையில் வீடு திரும்பினர். ஆனால் வழக்குத் தொடுக்க வேண்டியது யார்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் ஆளின்றிக் கிடக்கும் பணியிடங்களை நிரப்ப வேண்டியது யார்? பூட்டைத் துருப்பிடிக்க விட்டவரே ‘இந்தப் பூட்டால் பயனில்லை, கதவையே கழற்றிவிடலாம்’ என்கிறார். பசுமைத் தீர்ப்பாயம் இழப்பீடு விதிக்கலாமே என்பாரும் உளர். இழப்பீடு என்பது இழந்தவருக்குச் சேர வேண்டியது. செய்தவர் குற்றக் கூண்டில் ஏற வேண்டும் என்பது வேறு.

விசாகப்பட்டினத்தில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இது புரியும். 2020 மே 7 அதிகாலையில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்தது. ஆர்.ஆர். வெங்கடாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் மக்கள் தெருவில் ஓடியபடியே சுருண்டு விழுந்தனர். 12 பேர் இறந்தனர். செல்லத்தக்க சுற்றுச்சூழல் அனுமதி தன்னிடம் இல்லை என்பதை அந்த நிறுவனமே அதற்கு ஓராண்டு முன்பு, 2019 மே மாதத்தில், அரசிடம் அளித்த பிரமாண வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. அனுமதி இல்லாமலே ஆலை ஓடியது. அனுமதி இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகும் ஓடியது. சிறைத் தண்டனை சட்டத்தில் இருந்த காலத்திலேயே துணிச்சல் இந்த அளவு என்றால், பதினைந்து லட்சம் ரூபாய் உச்சவரம்பு எந்த நிறுவனத்தின் கையைத் தடுக்கும்? கணக்குப் புத்தகத்தில் அது இன்னொரு செலவினம்.

ஏட்டில் ஏறிய அறிவு யாருக்குச் சொந்தம்?

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் தோழர்களிடையே அதிகம் பேசப்படாத சட்டம். ஆனால் மூன்றிலும் நுட்பமான கொள்ளை நடந்திருப்பது இதில்தான். 1992இல் ரியோ டி ஜெனிரோவில் உருவான சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்றும் பொருட்டு 2002இல் இச்சட்டம் இயற்றப்பட்டது. மஞ்சளுக்கும் வேம்புக்கும் அயல்நாடுகளில் காப்புரிமை வழங்கப்பட்டு, இந்திய அறிவியலாளர்களும் இயக்கங்களும் போராடி அவற்றை முறியடித்துவந்த காலம் அது. சட்டத்தின் கருத்து எளிமையானது. ஒரு செடியையோ அதன் பயனைப் பற்றிய அறிவையோ வணிகத்துக்கு எடுப்பவர், அந்தச் செடியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தும் அறிந்தும் வந்த மக்களுக்குப் பலனில் பங்கு தர வேண்டும். இதற்காகச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய பல்லுயிர் ஆணையமும், மாநிலங்கள்தோறும் வாரியங்களும், உள்ளாட்சிகள்தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களும் அமைக்கப்பட்டன.

பங்கு என்றவுடன் பெருந்தொகை என்று எண்ணிவிட வேண்டாம். 2014ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளின்படி, ஆலையின் ஆண்டு விற்பனையில் அதிகபட்சமாக அரை சதவீதம். நூறு ரூபாய் சரக்குக்கு ஐம்பது காசு. இந்த ஐம்பது காசைக்கூடத் தர மாட்டோம் என்றுதான் பதஞ்சலியின் கூட்டாளி நிறுவனமான திவ்யா ஃபார்மஸி உத்தராகண்ட் உயர்நீதிமன்றத்தின் படியேறியது. அந்நிய நிறுவனங்கள்தாம் பங்கு தர வேண்டும், இந்திய நிறுவனமான நாங்கள் ஏன் தர வேண்டும் என்பது அதன் வாதம். சுதேசி என்ற சொல்லின் பொருள் இப்படியும் மாறக்கூடும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சொல்லுக்காகச் சிறை சென்றவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். 2018 டிசம்பர் 21 அன்று நீதிபதி சுதான்ஷு தூலியா அந்த வாதத்தை நிராகரித்தார். உள்நாட்டு நிறுவனமானாலும் உள்ளூர்ச் சமூகங்களுக்குப் பங்கு தர வேண்டும் என்பது தீர்ப்பு.

வழக்கில் தோற்றதைச் சட்டத்தில் வென்றெடுத்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 2021 டிசம்பரில், திருத்த மசோதா வந்தது. இந்திய மருத்துவ முறைகளை ஊக்குவிப்பதும், உயிர்வளத் துறையில் அந்நிய முதலீட்டை வரவழைப்பதும் நோக்கங்கள் என்று மசோதாவின் நோக்கவுரையிலேயே எழுதப்பட்டிருந்தது.

அந்தத் திருத்தத்தின் உயிர்நாடி ஒரு சொற்றொடர்: ‘தொகுக்கப்பட்ட மரபறிவு’. இத்தகைய அறிவைப் பயன்படுத்தும் இந்திய நிறுவனங்களுக்கு, மாநில வாரியத்துக்கு முன்னறிவிப்புத் தரும் கடமையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பங்கு கொடுக்கும் கடமையும் அதோடு போயிற்று. எது தொகுக்கப்பட்ட மரபறிவு? 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒரு நூற்பட்டியல் இருக்கிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்கள் அதில் வரிசையாக இடம்பெற்றுள்ளன. அகத்தியர், போகர், புலிப்பாணி முதலானோர் பெயரால் வழங்கும் நம் சித்த நூல்களும் அதில் அடக்கம். எந்த மருந்தை மரபு மருந்து எனக் கருதி உரிமம் வழங்கலாம் என்பதற்காக உருவாக்கப்பட்ட பட்டியல் அது. அந்தப் பட்டியலில் உள்ள நூலிலிருந்து எடுத்தால் இனி யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.

இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். சித்த நூல்கள் செய்யுள் வடிவில் ஏடுகளில் எழுதப்பட்டவை. அந்த ஏட்டை எழுதியவர் பச்சிலையின் பெயரையும் குணத்தையும் வானத்திலிருந்து பெறவில்லை. மலையில் வேர் அகழ்ந்தவர், தேன் எடுத்தவர், பாம்புக் கடிக்கு மருந்து அரைத்தவர், பிரசவம் பார்த்த மருத்துவச்சி ஆகியோர் கண்டு சொன்னவற்றின் திரட்டே அது. மூலிகைகளின் பெயர்களையே பாருங்கள். கீழாநெல்லி, முடக்கத்தான், தூதுவளை, ஆடாதோடை. எந்த அரசவையிலும் சூட்டப்பட்ட பெயர்கள் அல்ல இவை. வயலிலும் வேலியோரத்திலும் புழங்கியவர்கள் இட்ட பெயர்கள். எழுத்தறிவு சிலருக்கே வாய்த்திருந்த சமூகத்தில், எழுதப்பட்ட அறிவு எழுதியவருடையதாயிற்று, சொன்னவர் மறைந்துபோனார். அந்தப் பழைய அநீதிக்கு இருபத்தோராம் நூற்றாண்டின் நாடாளுமன்றம் முத்திரை குத்தியிருக்கிறது. அதன் பலன் ஏடெழுதியவரின் வாரிசுக்குக்கூடப் போகவில்லை; ஆலை முதலாளிக்குப் போகிறது.

எழுதப்படாத அறிவாவது தப்பியதா? அகத்தியமலைக் காணிக்காரர்களின் கதை பரவலாக அறியப்பட்டது. 1987இல் கேரளத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் அந்த மலையில் களைத்துப்போன வேளையில், உடன் வந்த காணிகள் மட்டும் ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு சோர்வின்றி நடப்பதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை என்பது அந்தச் செடி. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் உரிமத்தொகையிலும் பாதியைக் காணிகளுக்குத் தர ஆய்வு நிறுவனம் முன்வந்தது. அதில் குறைகள் பல உண்டு. ஆனாலும் சட்டம் எதுவும் இல்லாத காலத்தில், அறிவியலாளர்களின் நேர்மையால் நடந்த ஒன்று அது. இப்போதைய சட்டத்தில் வேறொரு வாசல் திறந்திருக்கிறது. ‘பயிரிடப்பட்ட மருத்துவத் தாவரங்களும் அவற்றின் பொருட்களும்’ விலக்குப் பெற்றுள்ளன. காணிகள் காட்டிய செடியையே தோட்டத்தில் வளர்த்து, இது பயிரிட்டது என்று சான்று வாங்கிவிட்டால், காணிக்குச் சேர வேண்டியது எதுவுமில்லை என்று ஓர் இந்திய நிறுவனம் வாதிடலாம். தொகுக்கப்பட்டதற்கு ஒரு விலக்கு, பயிரிடப்பட்டதற்கு ஒரு விலக்கு என்றால் எஞ்சியிருப்பது என்ன?

கிராமத்து வைத்தியருக்கும் சிறு விவசாயிக்கும் தொல்லை தரக்கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பழைய சட்டமே வைத்தியர்களுக்கும் ஹக்கீம்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் விலக்கு அளித்திருந்தது. அவர்களின் தோளில் துப்பாக்கியை வைத்துத்தான் பெருநிறுவனங்கள் குறி பார்க்கின்றன.

இன்னும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். பழைய சட்டத்தில், பங்கு மூலதனத்திலோ நிர்வாகத்திலோ அந்நியப் பங்கேற்பு சிறிதளவு இருந்தாலும் அந்த நிறுவனம் தேசிய ஆணையத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும். இப்போது அந்நியர் ‘கட்டுப்பாட்டில்’ உள்ள நிறுவனமானால் மட்டுமே அது தேவை. அந்நிய மூலதனம் கணிசமாக இருந்தாலும் கட்டுப்பாடு இல்லை எனக் காட்டிவிட்டால் அது சுதேசி நிறுவனம். இரண்டாவது, பலனைப் பகிர்வதற்கான உடன்பாட்டில் முன்பு உள்ளாட்சி அமைப்புக்கும் பலனுக்கு உரிமை கோரும் மக்களுக்கும் நேரடி இடம் இருந்தது. இப்போது உள்ளூர்க் குழுவின் சார்பில் தேசிய ஆணையமே பேசும். தண்டனையோ, இங்கும் ஐந்தாண்டுச் சிறை நீங்கி ஒரு லட்சம் முதல் ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தொகை ஆகிவிட்டது. தொடர்ந்து மீறினால் மேலும் ஒரு கோடி வரை. பிணையில் விட முடியாத குற்றம் என்று கூறிய 58ஆம் பிரிவு முற்றிலுமாக நீக்கப்பட்டது.

காடு என்றால் என்ன?

வனச் சட்டத் திருத்தத்தைப் பற்றி இந்த இதழ் உட்படப் பல ஏடுகள் எழுதியிருக்கின்றன. எனவே சுருக்கமாகப் போகலாம். முதல் அத்துமீறல் பெயரிலேயே இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் இப்போது ‘வன் (சன்ரக்‌ஷண் ஏவம் சம்வர்தன்) அதினியம்’. தமிழனும் மிசோவும் சந்தாலும் தம் காட்டைக் காக்கும் சட்டத்தின் பெயரை உச்சரிக்கவே பயிற்சி பெற வேண்டும். 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்சநீதிமன்றம், உரிமையாளர் யாராயினும் அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே என்றது. 2023 திருத்தம், அறிவிக்கை செய்யப்பட்டதும் 1980 அக்டோபர் 25 முதல் அரசுப் பதிவேடுகளில் காடு எனப் பதிவானதும் மட்டுமே காடு என்கிறது. மரம் இருக்கிறதா என்பது பொருட்டன்று. தாள் இருக்கிறதா என்பதே பொருட்டு. இங்கும் ஏடுதான் வென்றது. எல்லைப்புறத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வரும் ‘கேந்திர முக்கியத்துவம்’ வாய்ந்த சாலை, இருப்புப்பாதை முதலிய திட்டங்களுக்கும் விலக்கு. வடகிழக்கின் வரைபடத்தை விரித்து எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டர் அளந்து பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்பது தெரியும். மிசோரம் சட்டமன்றம் 2023 ஆகஸ்டிலேயே இத்திருத்தத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது தற்செயலன்று. மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழுவோ, மாற்றுக் கருத்துகள் பதிவாகியும் ஒரு திருத்தத்தைக்கூடப் பரிந்துரைக்கவில்லை.

காடு எப்படித் தாளாகிறது என்பதற்குக் கிரேட் நிகோபாரைவிட வேறு சான்று வேண்டாம். துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் என்று அத்தீவில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட மழைக்காடு திருப்பிவிடப்படுகிறது. தோல்முதுகு ஆமைகள் முட்டையிட வரும் கலத்தியா விரிகுடாவின் சரணாலயத் தகுதி 2021இல் நீக்கப்பட்டது. ஷோம்பென் பழங்குடியினர் உலகின் மிகத் தனித்த மக்களில் ஒருவர். நிகோபாரிகளின் பழங்குடி மன்றம் தான் முதலில் அளித்த தடையின்மைச் சான்றை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே நவம்பரில் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. வெட்டப்படும் மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நடத் திட்டமிட்ட இடம் எது தெரியுமா? ஹரியானா. வங்கக் கடலின் விளிம்பில் வெட்டி, ஆரவல்லியின் வறள்நிலத்தில் நடுவார்களாம்!

நீதிமன்றம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். சில வேளை காப்பாற்றியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், மறு உத்தரவு வரும்வரை காட்டுக்கு 1996ஆம் ஆண்டின் பொருளையே மாநிலங்கள் கடைப்பிடிக்க வேண்டும் என்று இடைக்கால ஆணையிட்டது. ஆனால் நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருப்பதன் அபாயத்தை 2025ஆம் ஆண்டு காட்டிவிட்டது. அனுமதி பெறாமல் கட்டிவிட்டுப் பிறகு அனுமதி கேட்போருக்கு வழிவகுத்த 2017ஆம் ஆண்டின் அறிவிக்கையையும் 2021ஆம் ஆண்டின் அலுவலகக் குறிப்பாணையையும் வனசக்தி வழக்கில் மே 16 அன்று உச்சநீதிமன்றம் ரத்துச் செய்தது. ஆறு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, அதே நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பொதுப்பணத்தில் எழுந்த கட்டடங்களை இடிக்க நேரிடும் என்பது பெரும்பான்மையின் கவலை. மே மாதத் தீர்ப்பை வழங்கிய இருவரில் ஒருவரான நீதிபதி உஜ்ஜல் புயான் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். இந்த ஊசலாட்டத்துக்கு வேர் எங்கே இருக்கிறது? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கென்று நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை. இருப்பது 2006ஆம் ஆண்டின் ஓர் அறிவிக்கை. அமைச்சகம் நினைத்தால் ஒரு பக்கக் குறிப்பாணையால் அதை வளைக்கலாம், வளைத்துக்கொண்டே இருக்கிறது.

2020இல் அந்த அறிவிக்கையையே மாற்றியெழுத முனைந்தபோது நடந்தது மறக்கத்தக்கதன்று. ஊரடங்கில் நாடு முடங்கிக் கிடந்த வேளையில் வரைவு வெளியாயிற்று. இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. ஓர் ஆவணத்தை மொழிபெயர்க்க எத்தனை நாள் பிடிக்கும்? இந்த ஏட்டின் ஓர் இதழை ஆயத்தம் செய்ய ஆகும் உழைப்பைவிட அது பெரிதன்று. ஒன்றிய அரசு மொழிபெயர்ப்பாளரைத் தேடவில்லை, உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. தன் நிலத்தில் சுரங்கம் வரப்போகிறது என்பதைச் சந்தாலி மொழியில் ஒருவர் படித்தறிவது அவ்வளவு ஆபத்தானதாக அரசுக்குத் தோன்றியது.

வேலையா, காடா என்னும் பொய்க் கேள்வி

நம்மிடையேயும் ஒரு தயக்கம் இருப்பதை மறைப்பதற்கில்லை. கிளைக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் சுற்றுச்சூழல் பெரும்பாலும் ‘இதர’ என்ற தலைப்பின்கீழ், தேநீர் ஆறிய பிறகு வருகிறது. வேலைவாய்ப்புத் தரும் ஆலையை எதிர்ப்பதா என்ற கேள்வி தொழிற்சங்கத் தோழர்களுக்கு உண்மையானது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் 1970களின் இறுதியில் அணைத் திட்டம் வந்தபோது இடதுசாரிகளுக்குள்ளேயே இரு கருத்துகள் மோதின. சாஸ்திர சாகித்ய பரிஷத் திட்டத்தை எதிர்த்து அறிவியல் ஆதாரங்களுடன் ஊர் ஊராகப் பரப்புரை செய்தது. கட்சியிலும் தொழிற்சங்கங்களிலும் பலர் மின்சாரமே முதன்மை என்றனர். இறுதியில் அணை வரவில்லை. 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று அந்தப் பள்ளத்தாக்கை மூழ்கடித்திருக்க வேண்டும் என்று சொல்லும் இடதுசாரி ஒருவரைக் காண்பது அரிது. அந்த விவாதம் கட்சியைப் பலவீனப்படுத்தவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வேறோர் ஆபத்தும் இருக்கிறது. ‘வலுவான சட்டம்’ என்றவுடன் காட்டிலிருந்து பழங்குடிகளை வெளியேற்றும் சட்டத்தையே மனத்தில் கொள்வோர் உண்டு. 2019 பிப்ரவரி 13 அன்று, வனவிலங்கு ஆர்வலர் அமைப்புகள் தொடுத்த வழக்கில், வன உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் தலைமேல் கத்தி தொங்கியது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் பதினைந்தே நாளில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. சுள்ளி பொறுக்குபவரிடம் கடுமையும் சுரங்க முதலாளியிடம் கனிவும் காட்டும் சட்டம் புதிதன்று. ரைன் மாகாணச் சட்டமன்றம் காட்டில் உதிர்ந்த விறகைப் பொறுக்கிய ஏழைகளைத் திருடர்களாக்கியதை எதிர்த்து 1842இல் எழுதிய இருபத்து நான்கு வயது இதழாசிரியர் ஒருவர் அந்த வழியாகத்தான் பொருளாதாரக் கேள்விகளுக்கு வந்து சேர்ந்தார். அவர் கார்ல் மார்க்ஸ். ஆக, காட்டைப் பற்றிய சட்டம் நமக்கு ‘இதர’ விஷயம் அன்று. தொடக்கப் புள்ளிகளில் ஒன்று.

எந்த வகை வலிமை வேண்டும் என்பதற்கு நியாம்கிரி விடை தந்துவிட்டது. ஒடிசாவின் அந்த மலையில் பாக்சைட் தோண்ட வேதாந்தாவுக்காக அரசு எந்திரமே களமிறங்கியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், இடதுசாரிகளின் ஆதரவோடு நடந்த ஆட்சியில், அவர்களின் இடைவிடாத வற்புறுத்தலுடன் வந்த சட்டம். அதன் அடிப்படையில் 2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. 12 கிராம சபைகள் கூடின. டோங்ரியா கோந்த் மக்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து பேசினர். பன்னிரண்டும் மறுத்தன. எந்த நிபுணர் குழுவும் செய்யத் துணியாததை அந்தக் கூட்டங்கள் செய்தன. அதனால்தான் 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள் கிராம சபையின் ஒப்புதலைப் பின்னுக்குத் தள்ளின. ஒன்றிய அரசு முதலில் அனுமதி வழங்கிவிடும். மக்களின் உரிமையை உறுதிசெய்யும் பொறுப்பை மாநில அரசு பிறகு பார்த்துக்கொள்ளும். தேசியப் பழங்குடியினர் ஆணையமே ஆட்சேபித்தும் அரசு செவிசாய்க்கவில்லை.

எனவே நாடாளுமன்றத்திலும் வெளியிலும் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. தாக்க மதிப்பீடு ஓர் அறிவிக்கையாக அன்றி நாடாளுமன்றச் சட்டமாக வர வேண்டும். அதன் வரைவு முதல் ஒவ்வொரு திட்டத்தின் அறிக்கை வரை பாதிக்கப்படும் மக்களின் மொழியில் கிடைக்க வேண்டும். கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் எந்த அனுமதியும் தொடக்க நிலையில்கூட வழங்கப்படக் கூடாது. அனுமதியின்றி ஆலை நடத்தி உயிரிழப்பு நேர்ந்தால் மேலாளரோடு நிற்காமல் இயக்குநர்கள் வரை குற்றவியல் பொறுப்புச் சென்றடைய வேண்டும். 1996ஆம் ஆண்டின் காட்டு இலக்கணம் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். தொகுக்கப்பட்டது, பயிரிடப்பட்டது என்ற இரு விலக்குகளும் சிறு வைத்தியருக்கும் சிறு விவசாயிக்கும் மட்டுமே என்று வரையறுக்கப்பட வேண்டும். கடைசிக் கோரிக்கைக்கு மருந்து நிறுவனங்களிடமிருந்து வரும் எதிர்ப்பு மிகக் கடுமையாக இருக்கும். ஐம்பது காசுக்காக உயர்நீதிமன்றம் வரை போனவர்கள் அல்லவா!

நாடாளுமன்றத்தில் நம் எண்ணிக்கை என்ன என்பதை அறிந்தே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் சட்டம் முழுவதும் தில்லியில் இல்லை. பசுமைத் தீர்ப்பாயம் காலக்கெடு விதித்து நெருக்கியதன் விளைவாக, நாடெங்கும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் காகிதத்திலேனும் அமைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும். ஊரின் நெல் வகைகள், மீன்கள், மூலிகைகள், கால்நடைகள், அவற்றை அறிந்தவர்கள் யார் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்பட்டதற்கே மதிப்பு என்று சட்டம் சொல்லும்போது, ஊரின் அறிவை ஊராரே எழுதி வைப்பது தற்காப்பு. அவசரத்தில் எங்கோ தட்டச்சு செய்யப்பட்ட பட்டியலா, ஊர் கூடிச் சொல்லி எழுதியதா என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் மே முதல் நாளும் கிராம சபை கூடுகிறது. காலையில் கொடியேற்றிவிட்டு அங்கே போகும் தோழர்கள் அந்தப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அது இல்லையென்றால், எப்போது எழுதப்படும் என்பதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லலாம்.